ப்ளேஆஃப் வெச்சு ஒரு ஸ்டார் பிட்சரை எடை போடுறது எப்படி: முழுமையான வழிகாட்டி

2025 செப்டம்பர்ல லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் டீமோட பிட்சர் (பந்து போடுறவர்) கிளேட்டன் கெர்ஷா ரிட்டயர் ஆகுறேன்னு அறிவிச்ச அன்னைக்கு எங்க வாட்ஸ்அப் குரூப்ல நான் ரெண்டு வரி பாராட்டி போட்டேன், உடனே ஒருத்தன் வந்துட்டான், "மச்சான், சீசன்ல புலி, ப்ளேஆஃப்ல எலி"ன்னு. ஆதாரமா ரெண்டே ரெண்டு நம்பர். ரெகுலர் சீசன் ஈ.ஆர்.ஏ. (கம்மியா இருந்தா நல்லது, விளக்கம் கீழ) 2.53, ப்ளேஆஃப்ல நாலரை. அதுக்கு மேல பேச என்ன இருக்குங்குறான்.

பேச நிறைய இருக்கு. அந்த ரெண்டு நம்பரும் பொய்யில்ல, ஆனா அத வெச்சு தீர்ப்பு எழுதுறதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய வேலை ஏகப்பட்டது, அத ஒண்ணொண்ணா கீழ எழுதுறேன். கெர்ஷாவையே முக்கிய உதாரணமா வெச்சுக்குறேன், ஏன்னா இந்த விஷயத்துல அவர் அளவுக்கு அடி வாங்குன ஆள் கிடையாது, அதோட நான் அவர் ரசிகன், அதையும் இப்பவே சொல்லிடுறேன், படிக்கும்போது அதுக்கு தகுந்த மாதிரி கழிச்சுக்குங்க.

புதுசா பேஸ்பால் பாக்குறவங்களுக்கு மட்டும் ஒரு நிமிஷம். ஈ.ஆர்.ஏ.ன்னா 9 இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் சராசரியா எத்தனை ரன் குடுக்குறாரு, அதுவும் ஃபீல்டர் தப்பால போன ரன்ன கழிச்சுட்டு. கணக்கு சிம்பிள்: குடுத்த ரன் இன்ட்டு 9, வகுத்தல் போட்ட இன்னிங்ஸ். 3க்கு கீழ இருந்தா பெரிய ஆள், 4க்கு மேல போனா சுமார். ஸ்கோர்கார்டுல 194.1 இன்னிங்ஸ்னு இருந்தா அது தசமம் இல்ல, 194 இன்னிங்ஸும் ஒரு அவுட்டும்னு அர்த்தம் (ஒரு இன்னிங்ஸுக்கு மூணு அவுட்), நம்ம ஊர்ல 19.3 ஓவர்னு சொல்ற மாதிரிதான்.

படி 1: மொதல்ல எத்தனை இன்னிங்ஸ்னு பாருங்க, அப்புறம் ஈ.ஆர்.ஏ.

எல்லாரும் இத தலைகீழா பண்றாங்க. ஒரு ஸ்டார்ட்டர், அதாவது மேட்ச்சை ஆரம்பிச்சு வைக்கிற பிட்சர், ஒரு ரெகுலர் சீசன்லயே 30 மேட்ச் கிட்ட ஸ்டார்ட் பண்ணி 180 இன்னிங்ஸ் போடுவாரு. கெர்ஷா 2023 வரைக்கும் மொத்த ப்ளேஆஃப்லயும் சேர்த்து போட்டது 194.1 இன்னிங்ஸ். அதாவது பதினஞ்சு வருஷத்துல அங்கங்க பிச்சு எடுத்து ஒட்டுன ஒரே ஒரு சீசன். சேண்டி கோஃபாக்ஸ் வேர்ல்ட் சீரிஸ்ல (ப்ளேஆஃப்போட ஃபைனல், 7 மேட்ச்ல 4 ஜெயிக்கணும்) 0.95னு சொல்லுவாங்க, அது 57 இன்னிங்ஸ். மேடிசன் பம்கார்னர் வேர்ல்ட் சீரிஸ்ல 0.25, அது வெறும் 36.

இன்னிங்ஸ் கம்மியா இருந்தா ஒரே ஒரு மோசமான நாள் மொத்த கணக்கையும் எப்படி ஆட்டும்னு போட்டே பாப்போம். 2023 அக்டோபருக்கு முன்னாடி கெர்ஷாவோட ப்ளேஆஃப் கணக்கு 194 இன்னிங்ஸ், 91 ரன். 91 இன்ட்டு 9, அது 819, வகுத்தல் 194, ஆக 4.22. அப்புறம் அரிசோனாவுக்கு எதிரா முதல் மேட்ச், ஒரே ஒரு அவுட் எடுத்தாரு, 6 ரன் குடுத்துட்டு இறங்கிட்டாரு. இப்ப 97 ரன், 194.1 இன்னிங்ஸ். 4.49. பதினஞ்சு வருஷ உழைப்போட சராசரிய ஒரே அவுட் நேரத்துல 0.27 ஏத்திடுச்சு.

அன்னைக்கு அவர் நல்லா போட்டாருன்னு சொல்ல வரல. படுகேவலமா போட்டாரு, நானே டிவிய ஆஃப் பண்ணிட்டேன். ஆனா 4.22ல இருந்த பிட்சர் வேற ஆளு, 4.49ல இருக்குறவர் வேற ஆளுன்னு நீங்க நினைச்சா கணக்கு உங்கள ஏமாத்திடுச்சுன்னு அர்த்தம்.

படி 2: வெற்றி தோல்வி கணக்க தூக்கி ஓரமா போடுங்க

ஒவ்வொரு மேட்ச்லயும் வெற்றி தோல்விய ஒரு பிட்சர் பேர்ல எழுதுவாங்க. இதுக்கு நீளமா எழுத ஒண்ணுமில்ல. கிரெக் மேடக்ஸ் ப்ளேஆஃப்ல 11 வெற்றி 14 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 3.27. அதே அட்லாண்டா டீம்ல கூட போட்ட டாம் கிளாவின் 14 வெற்றி 16 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 3.30. ஆண்டி பெட்டிட் 19 வெற்றி, ப்ளேஆஃப் வரலாற்றுலயே அதிகம், ஆனா ஈ.ஆர்.ஏ. 3.81. மூணு பேர்ல ரன் அதிகமா குடுத்தது பெட்டிட்தான், வெற்றி ரெக்கார்டும் அவர்கிட்டதான். அவருக்கு பின்னாடி நியூயார்க் யாங்கீஸ் பேட்டிங்கும் கடைசி இன்னிங்ஸை முடிச்சு குடுக்குற மேரியானோ ரிவேராவும் இருந்தாங்க, வேற ரகசியம் எதுவும் இல்ல.

படி 3: அவரை அவரோடயே ஒப்பிடுங்க

ப்ளேஆஃப்ல "ஜொலிச்சாரு"ன்னு சொல்லணும்னா வழக்கமா இருக்குறத விட நல்லா இருந்திருக்கணும், இல்லையா? பெட்டிட்டோட ரெகுலர் சீசன் ஈ.ஆர்.ஏ. 3.85. ப்ளேஆஃப் 3.81. அச்சு அசல் அதே ஆளு. இது ஒண்ணும் குறை இல்ல, ப்ளேஆஃப்ல வர்றது எல்லாமே நல்ல டீம், அவங்களுக்கு எதிரா அதே லெவல்ல நின்னதே பெரிய விஷயம்தான். ஆனா பிரஷர்ல தனி மனுஷனா மாறுவாருன்னு கதை கட்டுறதுக்கு அதுல எடமில்ல.

ஜாக் மாரிஸ் இதுக்கு இன்னும் நல்ல உதாரணம். 1991 வேர்ல்ட் சீரிஸ் 7வது மேட்ச், 10 இன்னிங்ஸ், ஒரு ரன் குடுக்கல, மினசோட்டா 1-0. அந்த ஒரு ராத்திரிதான் அவர் பேரு. ஆனா அடுத்த வருஷமே டொராண்டோவுக்கு ஆடி வேர்ல்ட் சீரிஸ்ல ரெண்டு மேட்ச் தோத்தாரு, ஈ.ஆர்.ஏ. 8.44, டீம் ஜெயிச்சுடுச்சுங்குறதால அத யாரும் பேசுறதே இல்ல. மொத்தமா பாத்தா ப்ளேஆஃப் 3.80, ரெகுலர் 3.90. மறுபடியும் அதே ஆளு.

நெஜமாவே மாறுனவங்களும் இருக்காங்க. பாப் கிப்சன் ரெகுலர்ல 2.91, வேர்ல்ட் சீரிஸ்ல 9 ஸ்டார்ட், 81 இன்னிங்ஸ், 1.89, 92 ஸ்ட்ரைக் அவுட் (பந்த ஆட்டத்துக்குள்ள அடிக்க முடியாம மூணு ஸ்ட்ரைக்ல பேட்டர் அவுட்). 1968 முதல் மேட்ச்ல மட்டும் 17. பம்கார்னர் ரெகுலர் 3.47, ப்ளேஆஃப் மொத்தம் 2.11. இங்க வித்தியாசம் கண்ணுக்கே தெரியுது.

ஒப்பிடும்போது ஒரு சின்ன பொறி இருக்கு, காலம். 1969க்கு முன்னாடி ப்ளேஆஃப்னாலே வேர்ல்ட் சீரிஸ் மட்டும்தான், ரெண்டு லீக் சாம்பியனும் நேரா மோதுவாங்க. இப்ப 12 டீம், நாலு ரவுண்டு. கோஃபாக்ஸும் கிப்சனும் அக்டோபர்ல பத்து நாள் வேலை பாத்தாங்க, இப்ப இருக்குறவங்க ஒரு மாசம் அலையணும். அதோட 1968ல பிட்சர் நிக்கிற மேடு 15 இன்ச் உயரம், அடுத்த வருஷம்தான் 10ஆ குறைச்சாங்க, அந்தக் காலத்துல ரன் எடுக்குறதே குதிரைக்கொம்பு. கிப்சன் நம்பரையும் இன்னைக்கு ஆள் நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு சண்டை போடாதீங்க.

படி 4: மேட்ச்சை திறந்து பேட்டர் பேட்டரா பாருங்க

இதுதான் முக்கியமான படி, சோம்பேறித்தனம் பட்டா இங்கதான் கோட்டை விடுவீங்க. பந்துக்கு பந்து ஸ்கோர் எல்லாம் நெட்ல ஃப்ரீயா கெடைக்குது.

2014 அக்டோபர் 3, டாட்ஜர்ஸ் எதிர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், முதல் மேட்ச். கடைசி வரி என்ன சொல்லுது? கெர்ஷா 6.2 இன்னிங்ஸ், 8 ரன். பேப்பர்ல பாத்தா மானம் போற வரி. இப்ப உள்ள போவோம். எதிரணி பேட்டிங் ஆர்டர்ல 9 பேர், அவங்க ஒருதரம் வந்து போனா ஒரு ரவுண்டுன்னு வெச்சுக்கலாம். முதல் ரெண்டு ரவுண்டு, அதாவது 18 பேர்: கிரிச்சக் அடிச்ச ஒரே ஒரு ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி, அடிச்சவரும் பேஸ்ல நிக்கிறவங்களும் ரன் எடுப்பாங்க), மத்த 17 பேரும் அவுட். பதினெட்டுல பதினேழு! மூணாவது ரவுண்டு ஆரம்பம், 19வது ஆளு மேட் கார்பென்டர், ஹோம் ரன். அடுத்தவர் அவுட். ஸ்கோர் 6-2, டாட்ஜர்ஸ் நிம்மதியா முன்னாடி. 7வது இன்னிங்ஸ் (சிங்கிள்னா முதல் பேஸ் வரைக்கும் போற அடி, டபுள்னா ரெண்டாவது பேஸ், நாலு பேஸும் சுத்தி வந்தா ஒரு ரன்): சிங்கிள், சிங்கிள், சிங்கிள், சிங்கிள். ஸ்ட்ரைக் அவுட். சிங்கிள். ஸ்ட்ரைக் அவுட். மூணு பேஸும் நிறைஞ்சு ரெண்டு அவுட், 6-4. மறுபடி கார்பென்டர், நாலாவது தடவை, டபுள், மூணு பேருக்கும் ரன். 7-6, இப்ப கார்டினல்ஸ் முன்னாடி.

பாத்தீங்களா, 18 பேருக்கு ஒரு ஹிட், அதுக்கப்புறம் 10 பேருக்கு 7 ஹிட். ஒரே ஆளு, ஒரே கை, ஒரே ராத்திரி. ஒரு பிட்சரை மூணாவது தடவை சந்திக்கும்போது பேட்டருங்க நல்லா அடிப்பாங்கங்குறது பேஸ்பால்ல திரும்ப திரும்ப நிரூபணம் ஆன விஷயம், பந்து எப்படி வருதுன்னு ரெண்டு தடவை பாத்தாச்சு, பிட்சர் கையும் அதுக்குள்ள தளர்ந்திருக்கும். அப்ப கேள்வி "கெர்ஷா ஏன் 8 ரன் குடுத்தாரு" மட்டும் இல்ல, அஞ்சாவது ஹிட் வரைக்கும் மேனேஜர் ஏன் பெஞ்சுல உக்காந்திருந்தாருங்குறதும்தான். புல்பென்ல (மாத்து பிட்சருங்க காத்திருக்குற இடம்) இருந்த ஆளுங்கள விட களைச்சுப்போன கெர்ஷா மேல்னு நினைச்சிருப்பாங்க, அந்த வருஷங்கள்ல டாட்ஜர்ஸ் கதையே அதுதான். நாலு நாள் கழிச்சு 4வது மேட்ச், மூணே நாள் ரெஸ்ட்ல மறுபடி கெர்ஷா, 6 இன்னிங்ஸ் ஒரு ஹிட்டு, 2-0 முன்னிலை, மறுபடி 7வது இன்னிங்ஸ், ரெண்டு சிங்கிள், மேட் ஆடம்ஸ் ஹோம் ரன், 3-2, சீசன் முடிஞ்சது. நான் மேனேஜரா இருந்தா ரெண்டு தடவையும் 6வது இன்னிங்ஸோட கை குலுக்கி அனுப்பியிருப்பேன். சோபால உக்காந்து சொல்றது ஈசிதான், தெரியும்.

இதுக்கு நேர் எதிர் கதையும் இருக்கு, அதையும் பாக்கணும், இல்லன்னா நான் ஒருதலைப்பட்சமா பேசுறேன்னு ஆயிடும். 2020 வேர்ல்ட் சீரிஸ் 6வது மேட்ச், டாம்பா பே ரேஸுக்கு பிளேக் ஸ்னெல். 5.1 இன்னிங்ஸ், 2 ஹிட், 9 ஸ்ட்ரைக் அவுட், ஒரு வாக் (நாலு பந்து ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளிய போனா பேட்டருக்கு சும்மாவே முதல் பேஸ்) கூட இல்ல, 73 பந்துதான். டாட்ஜர்ஸோட முதல் மூணு பேட்டர், பெட்ஸ், சீகர், டர்னர், ஆறு தடவை வந்து ஆறும் ஸ்ட்ரைக் அவுட். மூணாவது ரவுண்டு வரப்போகுதுன்னு மேனேஜர் கெவின் கேஷ் வந்து பந்த வாங்கிட்டாரு. அடுத்த பிட்சரோட கணக்குல பெட்ஸ் டபுள், 1-0ன்னு ரேஸ் முன்னாடி இருந்த மேட்ச் அப்படியே கவுந்துச்சு, 3-1 டாட்ஜர்ஸ், கோப்பையும் போச்சு. மூணாவது ரவுண்டு விதிய கண்ண மூடிட்டு பிடிச்சாலும் அடி விழும்.

படி 5: அந்த ரன் யார் தலைல எழுதுனாங்க?

ஒரு பிட்சர் பேஸ்ல ஆள விட்டுட்டு இறங்கிட்டா, அந்த ஆள் அப்புறம் ரன் எடுத்தாலும் அது இறங்குன பிட்சர் கணக்குல போகும். மேல சொன்ன 2014 மேட்ச்ல கெர்ஷா இறங்கும்போது குடுத்திருந்தது 7 ரன்தான். டபுள் அடிச்ச கார்பென்டர் ரெண்டாவது பேஸ்ல நின்னாரு, புதுசா வந்த பிட்சர் ஒரு வாக் குடுத்து அப்புறம் மேட் ஹாலிடேகிட்ட ஹோம் ரன் வாங்குனாரு, அந்த எட்டாவது ரன் கெர்ஷா பேர்ல. ஸ்னெல்லுக்கும் இதே கதி, அவர் முதல் பேஸ்ல விட்டுட்டுப் போன ஒரே ஆளு ரன் எடுத்தான், 73 பந்து போட்டு அசத்துன மனுஷன் பேர்ல 1 ரன்.

இதோட மறுபக்கம் டான் லார்சன். 1956 வேர்ல்ட் சீரிஸ் 5வது மேட்ச்ல புரூக்ளினுக்கு எதிரா 27 பேர் வந்து 27 பேரும் அவுட், வேர்ல்ட் சீரிஸ் வரலாற்றுல ஒரே பெர்ஃபெக்ட் கேம். அந்த சீரிஸ்ல அவர் ஈ.ஆர்.ஏ. 0.00. ஆனா அதே சீரிஸ்ல 2வது மேட்ச்ல 6-0 முன்னிலைய கைல குடுத்தும் ரெண்டாவது இன்னிங்ஸையே முடிக்க முடியாம இறங்குனவரு அவரு! நாலு வாக் குடுத்தாரு, நாலு ரன் போச்சு, நடுவுல ஒரு ஃபீல்டிங் தப்பு நடந்ததால நாலும் ஈ.ஆர்.ஏ.ல ஏறல. அவரோட மொத்த கரியர் 81 வெற்றி 91 தோல்வி. பெரிய ராத்திரி வேற, பெரிய பிட்சர் வேற.

படி 6: எத்தனை நாள் ரெஸ்ட்டுன்னு பாருங்க

ஸ்டார்ட்டருக்கு வழக்கமா நாலஞ்சு நாள் ரெஸ்ட். ப்ளேஆஃப்ல அது கெடைக்காது, நல்லா போடுறவன்கிட்டதான் திரும்ப திரும்ப பந்த குடுப்பாங்க, அப்ப தோத்தா அவன்தான் சொதப்புனான்னு பேரு. பம்கார்னர் 2014 வேர்ல்ட் சீரிஸ்ல இத எல்லாம் தாண்டி நின்னாரு, 5வது மேட்ச் முழுசா போட்டுட்டு ரெண்டே நாள் ரெஸ்ட்ல 7வது மேட்ச்ல நடுவுல வந்து 5 இன்னிங்ஸ், ரன்னே இல்ல. அந்த சீரிஸ்ல 21 இன்னிங்ஸுக்கு ஒரே ஒரு ரன்.

அதுக்கப்புறம் அப்படி ஒண்ண பாப்பேன்னு நினைக்கல, 2025 வேர்ல்ட் சீரிஸ்ல டாட்ஜர்ஸோட யோஷினோபு யமமோட்டோ வந்தாரு. டொராண்டோவுக்கு எதிரா 2வது மேட்ச் முழுசா 9 இன்னிங்ஸ் ஒரு ரன், 6வது மேட்ச் 96 பந்து, 6 இன்னிங்ஸ் ஒரு ரன், மறுநாளே, ஆமா மறுநாளே, 7வது மேட்ச்ல 9வது இன்னிங்ஸ்ல வந்து 34 பந்து, 2.2 இன்னிங்ஸ், ரன் இல்ல, 11 இன்னிங்ஸ்ல 5-4 கோப்பை. நம்ம நேரத்துக்கு நவம்பர் 2 ஞாயிறு காலைல 5.30க்கு ஆரம்பிச்சது, முடியும்போது மணி பத்தை நெருங்கிடுச்சு, இட்லி தட்டுலயே காஞ்சு போச்சு, சாயங்காலம் நம்ம பொண்ணுங்க உலகக்கோப்பை ஃபைனல் வேற, அன்னைக்கு நான் வீட்ல ஒரு வேலையும் பண்ணல.

படி 7: ஸ்ட்ரைக் அவுட், வாக், ஹோம் ரன்

இந்த மூணும் ஃபீல்டர் கைல இல்ல, பிட்சர் கைல இருக்கு. சிங்கிள் ஒரு அடி தள்ளிப்போனா கேட்ச், ஆனா ஹோம் ரன்ன ஃபீல்டர் மேல பழி போட முடியாது. கெர்ஷா 2023 வரைக்கும் ப்ளேஆஃப்ல 213 ஸ்ட்ரைக் அவுட், 9 இன்னிங்ஸுக்கு 9.9. ரெகுலர் கரியர்ல 3,052, அது 9.6. ஆக, பயந்து கை நடுங்கிடுச்சுங்குற கதை இங்க நிக்கல. ஆனா ஹோம் ரன்? அது ரெகுலர் சீசன விட ப்ளேஆஃப்ல தெளிவா அதிகம். என் ஹீரோவா இருந்தாலும் இத மறைக்க முடியாது. 2019ல வாஷிங்டனுக்கு எதிரா 5வது மேட்ச், 8வது இன்னிங்ஸ், 3-1 முன்னிலை, ரெண்டோன் ஹோம் ரன், அடுத்த பந்தே சோட்டோ ஹோம் ரன். மூணாவது ரவுண்டு இல்ல, பேஸ்ல மிச்சம் விட்டவங்க இல்ல, அவர் போட்ட பந்து, அவர் வாங்குன அடி.

படி 8: எதிர்ல யாரு, எந்த கிரவுண்டு

2017 வேர்ல்ட் சீரிஸ். முதல் மேட்ச் லாஸ் ஏஞ்சலஸ்ல, கெர்ஷா 7 இன்னிங்ஸ், 1 ரன், 11 ஸ்ட்ரைக் அவுட், வாக் இல்ல. 5வது மேட்ச் ஹூஸ்டன்ல, 4-0 முன்னிலை கைல இருந்தும் 4.2 இன்னிங்ஸ்ல 6 ரன். ஹூஸ்டன் டீம் அந்த வருஷம் கேமரா வெச்சு கேட்சரோட சைகைய பாத்து, அடுத்து என்ன பந்துன்னு குப்பைத்தொட்டிய தட்டி பேட்டருக்கு சொல்லிக்குடுத்தாங்கன்னு 2020 ஜனவரில லீக் விசாரணையே உறுதி பண்ணுச்சு, ப்ளேஆஃப்லயும் அது நடந்துச்சுன்னு அதுலயே இருக்கு. அன்னைக்கு எந்தெந்த பந்துக்கு தட்டுனாங்கன்னு பிரிச்சு சொல்ல முடியாது, அதனால அந்த 6 ரன்ன நான் அழிக்க மாட்டேன், பக்கத்துல பென்சில்ல ஒரு குறி போட்டு வெச்சுப்பேன். அந்த சீரிஸ் 7வது மேட்ச்ல அவரே புல்பென்ல இருந்து வந்து 4 இன்னிங்ஸ் ரன் இல்லாம போட்டதையும் சேர்த்தே எழுதணும்.

படி 9: முத்திரைய பென்சில்ல குத்துங்க

ராண்டி ஜான்சன் தொடர்ச்சியா 7 ப்ளேஆஃப் தோல்விய சுமந்துட்டு இருந்தவரு, 2001 வேர்ல்ட் சீரிஸ்ல யாங்கீஸை மூணு தடவை ஜெயிச்சாரு. டேவிட் பிரைஸ் ஸ்டார்ட்டரா 9 தோல்வி, ஒரு வெற்றி கூட இல்ல, 2018ல ஹூஸ்டன்ல 6 இன்னிங்ஸ் ரன் குடுக்காம போட்டாரு, அந்த மாசமே கோப்பைய முடிச்சு குடுத்ததும் அவர்தான். ஜஸ்டின் வெர்லாண்டர் 2012ல ஓக்லாண்டுக்கு எதிரா வாழ்வா சாவா மேட்ச்ல ஒரு ரன் குடுக்காம முழுசா போட்டவரு, ஆனா வேர்ல்ட் சீரிஸ்ல 2022 வரைக்கும் 0-6, அதுக்கப்புறம்தான் முதல் வெற்றி. இவரை எந்த டப்பால போடுவீங்க?

கெர்ஷாவுக்கு என் கணக்கு இதுதான்: அவர் ப்ளேஆஃப்ல ரெகுலர் கெர்ஷா இல்ல, அது உண்மை. ஆனா நாலரை போடுற பிட்சரும் இல்ல, 6வது இன்னிங்ஸோட நிறுத்தியிருந்தா மூணு சொச்சத்துல நின்னிருப்பாருங்குறது என் கணிப்பு, 2020ல ரெஸ்ட் குடுத்து அளவா யூஸ் பண்ணப்போ வேர்ல்ட் சீரிஸ்ல ரெண்டு மேட்ச்சும் ஜெயிச்சு குடுத்தாரு. குரூப்ல இந்த கெர்ஷா கணக்க மட்டும் அப்பவே போட்டேன். அவன் ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்புனான்.

ரிட்டயர்மென்ட் அறிவிப்புக்கு அடுத்த மாசம், 2025 வேர்ல்ட் சீரிஸ் 3வது மேட்ச். 12வது இன்னிங்ஸ், ஸ்கோர் சமம், மூணு பேஸும் நிறைஞ்சிருக்கு, ரெண்டு அவுட். புல்பென் கதவு திறந்து 37 வயசு கெர்ஷா வர்றாரு. கவுன்ட் ஃபுல்லா போச்சு (3 பால், 2 ஸ்ட்ரைக்), இன்னொரு பந்து ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளிய போனா வாக், ஒரு ரன் சும்மாவே போகும். தரையோட ஒரு மெதுவான பந்து, அவுட். அந்த மேட்ச் 18 இன்னிங்ஸ் ஓடி டாட்ஜர்ஸ் ஜெயிச்சாங்க, டாட்ஜர்ஸுக்கு அவர் கடைசியா போட்ட பந்தும் அதுதான். 2023ல ஒரு அவுட் எடுத்த மேட்ச் 0.27 ஏத்துச்சுன்னு மேல போட்டோம்ல, இந்த ஒரு அவுட்டுக்கும் போட்டு பாத்தேன். அந்த அக்டோபர்ல அதுக்கு முன்னாடி வாங்குன அடியால 4.49 போய் 4.63 ஆகியிருந்தது, அது 4.62 ஆச்சு.